எழுபத்தொன்று

எழுபத்தொன்று. நாற்பத்திரண்டு இல்லை.

நீ கேட்டு ஒன்றரை வருடமாகிறது. அன்று நான் சொன்னது பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பையை இழுத்துப் போட்டார். "இத வச்சிக்கிட்டு நான் இன்னாம்மா பண்ணப் போறேன். நீயே எடுத்துக்கினு போ." ஜிப்பைத் திறந்ததும் கையுறைத் தோலின் வாசனை. உன் வியர்வை இன்னும் அதில் இருந்தது. முழங்கால் கட்டு. நான்கு பந்துகள். உன் புதுக் கவுண்ட்டர். பக்கவாட்டு ஜிப்பில் பழைய கவுண்ட்டர். கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் எண் கூடுமே, அது. கண்ணாடிக்குள் 0071.

ரிப்பேர் ஆகிவிட்டது என்று நீ சொன்ன கவுண்ட்டர். அமுக்கிப் பார்த்தேன். 0072. நன்றாக வேலை செய்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வேலையை நம்மால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. வெளிநாட்டில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழில்முறை பேஸ்பால் போட்டி. அதன் அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பெயராக அழைத்து ஆட்களை எடுத்துக்கொள்வதற்கு டிராஃப்ட் என்று பெயர். அந்தப் பட்டியலுக்கு நம் பக்கத்துப் பெயர்களை அனுப்பியது நாம் இருவர். பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியில் நான் வீசியவள், நீ பிடித்தவள். அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது. ஈட்டி எறிபவர்களையும் பவுண்டரியிலிருந்து நேராக விக்கெட்டுக்கு எறியும் கிரிக்கெட்காரர்களையும் தேடி மைதானம் மைதானமாக அலைந்தோம். லாஸ்பேட்டையில் நான் பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன்னை நீட்டியபோது டீக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "மேடம், நான் ஹெல்மெட் போட்டுக்கினுதான் வந்தேன்." நீ அன்று முழுக்கச் சிரித்தாய்.

நீ கத்தும் "அலே, அலே" உன் தாத்தா வீட்டு பிரெஞ்சு, போ போ என்று அர்த்தம். பாகூர்ப் பையன்கள் அதை பேஸ்பால் சொல் என்று நினைத்துத் தாங்களும் கத்தினார்கள். நீ திருத்தவில்லை.

பந்தை நீ பார்க்கவே மாட்டாய். எறிந்து முடித்த கையைப் பார்ப்பாய். ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் டீக்கடைக்கு அழைத்துப் போவாய். உண்மையான தேர்வு அங்கேதான். "கிரவுண்டுல நடிப்பானுங்கடி. டீ கிளாஸ எந்தக் கையில தூக்குறான்னு பாரு." வலி உள்ளவன் கை மாற்றுவான்.

இன்னொன்று, நாற்பத்தைந்து. ஒருவன் ஒரு நாளில் நாற்பத்தைந்து பந்துக்கு மேல் வீசக் கூடாது. தாண்டினால் நான்கு நாள் பந்தைத் தொடக் கூடாது. அணிகள் போட்ட விதியில்லை. நீ போட்டது. அணிகள் வேகத்தை மட்டுமே கேட்டன.

கதிரைக் கண்டுபிடித்தது நீ. பத்தொன்பது வயது. பாகூர், அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நெல் வயல். பள்ளியில் ஈட்டி எறிந்தவன். அவன் வீசிய முதல் பந்தைப் பிடித்துவிட்டு நீ கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தாய். சிவந்திருந்தது. என்னிடம் காட்டினாய். 

அந்தச் சனிக்கிழமை ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். கவுண்ட்டரை என் கையில் வைத்தாய். "நீ பாத்துக்கடி."

நாற்பத்திரண்டில் கதிரை நிறுத்தினேன். அதுவரை எல்லாம் சரி.

பிறகு, கதிரைப் பார்க்க வரவேண்டியிருந்த அணியின் ஆள் தாமதமாக வந்தார். வழியில் கார் நின்றுவிட்டதாம். சென்னைக்குத் திரும்பும் அவசரம். "இன்னும் ஒரு பத்து பந்து பாக்கலாமா?" பத்து. பிறகு, வீடியோ சரியாக விழவில்லை என்று இன்னொரு பத்து. வேகம் இன்னும் ஏறுமா என்று மேலும் ஒன்பது. மணிக்கு எண்பத்தாறு மைல். எண்பத்தேழு. அவர் தன் போனில் எதையோ குறித்துக்கொண்டார். பட்டியலில் கதிரின் பெயருக்குக் கீழே, கண்டெடுத்தவர் என்று என் பெயரும் வரும். அப்படி நினைத்தேன். நினைக்கவில்லை என்று இங்கே எழுத முடியாது.

கதிர்கூட, "போடுறேங்க்கா, ஒண்ணும் இல்ல" என்றான். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டாயிற்று. அவன் வேறு என்ன சொல்லியிருப்பான்?

மனம் எண்ணுவதை நிறுத்திய பிறகும் கட்டைவிரல் நிறுத்தவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் நீ. எழுபத்தோராவது பந்து முடிந்ததும் கதிர் முழங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். அணியின் ஆள் கைகுலுக்கிவிட்டுப் போனார். உன் வண்டிச் சத்தம் கேட்டதும் கவுண்ட்டரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பூஜ்யமாக்க மறந்துவிட்டேன்.

"எவ்ளோடி?"

"நாப்பத்திரெண்டு."

டீக்கடையில் அவன் கிளாஸை இடது கையில் எடுத்தான். நீ பார்த்தாய்.

"இன்னாடா, கை மாத்திட்ட?"

"சூடா கீதுக்கா."

"ஆமா, இவுரு பெரிய மாப்ள, கை வெந்துரும்" என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். நான் என் டீயை ஆற்றினேன். அன்று நீ உன் கண்ணை நம்பாமல் நான் சொன்ன எண்ணை நம்பினாய்.

நாற்பத்திரண்டு என்பதால் மறுநாளும் அவன் வீசலாம். பதினைந்து பந்து போதும் என்றாய். பதினைந்துதானே என்று பையை வண்டியிலேயே விட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினாய். பதினோராவது பந்து உன்னிடம் வந்து சேரவில்லை. ஈரத் துணியை உதறியது போல ஒரு சத்தம். கதிர் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகமூடியைக்கூடக் கழற்றாமல் நீ ஓடினாய்.

முழங்கைத் தசைநார். ஆபரேஷன், ஒரு வருடம், அதற்குப் பிறகும் உறுதியில்லை என்றார் டாக்டர். டிராஃப்ட் நாளில் உன் போனில் நாம் இருவரும் பார்த்தோம். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசிப் பெயர் வரை பார்த்தோம். அணியின் ஆள் என் மெசேஜைப் படித்தார். பதில் போடவில்லை.

அடுத்த வாரம் உன் கையில் புதுக் கவுண்ட்டர். "பழசு ரிப்பேராயிடுச்சிடி. இனிமே நானே எண்ணிக்கிறேன். நீ ஸ்பீடு கன்னப் பாரு." எனக்குப் பெரிய பொறுப்பு தந்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

புதிதாக எண்ணத் தொடங்கும் முன் கவுண்ட்டரைப் பூஜ்யமாக்குவது உன் வழக்கம். அதற்காகத்தான் எடுத்திருப்பாய். பார்த்திருப்பாய். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து ஜிப்பை மூடியிருப்பாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரே வண்டியில் போனோம். உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பேசிக்கொண்டே வந்தேன். பிறகு மூளைக்காய்ச்சல். நான்கு நாள்.

பையைக் கொடுத்தபோது உன் அம்மா இன்னொன்றும் சொன்னார்.

"சாவுக்கு எல்லாரும் வந்தாங்க. அந்தக் கதிரு மட்டும் வரல. வருவான்னு நானும் நெனைக்கல. அவங்கப்பா அன்னிக்கி வாசல்ல நின்னு கத்துன கத்து! எண்ணத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேலைன்னு. தெருவே பாத்துது. இவ தலைய குனிஞ்சிக்கினு, ஆமாங்கய்யா, நான்தான் தப்பா எண்ணிட்டேன்னா."

இது எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை.

"ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து கணக்குல இவதாம்மா மொதலு" என்றார் உன் அம்மா. "எப்பிடிம்மா தப்பா எண்ணுவா? கூடவே இருந்தியே, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

இரண்டாவது முறை. இந்த முறை உன் வீட்டில், உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

அந்தப் படத்தின் முன் உனக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே சொல்கிறேன். படித்திருக்கிறேன் அல்லவா. சூழ்நிலை, அழுத்தம், அவனுடைய சம்மதம். ஒவ்வொரு சொல்லும் ஒரு பந்தைக் குறைக்கப் பார்க்கிறது. எழுபத்தொன்று குறையவில்லை.

நேற்று நம்மூர்த் தொழிற்பேட்டைக்கு, மேட்டுப்பாளையத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் கதிருக்கு பேக்கிங் வேலை. ஷிப்ட் விட்டு கேட்டுக்கு வந்தான். வலது கை முழுதாக நீளவில்லை. பையை இடது தோளில் மாட்டியிருந்தான்.

"இன்னாக்கா, இந்தப் பக்கம்?"

நின்றபடியே சொன்னேன். அணியின் ஆள் வந்தது, அடுத்த பத்து, அதற்கடுத்த பத்து எல்லாம் அவனுக்கே தெரியும். நான் உன்னிடம் நாற்பத்திரண்டு என்று சொன்னது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. எத்தனை பந்து என்று தெரிந்தே நீ மறுநாள் வீசச் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருக்கிறான்.

"அப்போ எங்கப்பாகிட்ட அவங்க சொன்னது?"

"பொய்."

பின்னால் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நாங்கள் ஓரமாக நகர்ந்தோம்.

"நான் சாவுக்குக்கூட வரல" என்றான்.

கவுண்ட்டரை நீட்டினேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. ஆதாரம் போல. அவன் இடது கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

"எழுவத்திரெண்டுன்னு காட்டுது."

"ஒண்ணு ஞாயித்துக்கிழமை நான் அமுக்குனது."

"எல்லாமே நீங்க அமுக்குனதுதான்."

திருப்பிக் கொடுத்துவிட்டான். திட்டவில்லை. திட்டுவான் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

"அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்போ மொதல்ல அங்க போங்க. எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பையை மேலே இழுத்து மாட்டிக்கொண்டு போனான். போகும்போது வலது கை அசையவில்லை.

கவுண்ட்டர் என்னிடம் இருக்கிறது. பூஜ்யமாக்கவில்லை. இனி யாருக்கும் எண்ணப்போவதில்லை என்று பட்டியல் வேலையை விட்டுவிடலாம், அது எளிது. இந்த மாதக் கடைசியில் லாஸ்பேட்டைக்கு ஆறு பேர் வீச வருகிறார்கள். உன் புதுக் கவுண்ட்டரை எடுத்துப்போவேன். நாற்பத்தைந்தில் நிறுத்துவேன். யார் சென்னையிலிருந்து வந்து நின்றாலும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக பஸ் ஏறி உன் வீட்டருகே மணிக்கூண்டில் இறங்கினேன். உன் அம்மா முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்து, அன்று எண்ணியது நான் என்று சொன்னேன்.