அப்பாவின் இடது கட்டைவிரல்

மார்ச் 3, திங்கள்

இன்று டிரைவிங் வகுப்பில் பல் டாக்டரம்மா பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் குப்பைத்தொட்டியை நோக்கிப் பாய்ந்தார். சொல்லிக்கொடுக்கும் என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் தொட்டி பிழைத்தது. "நீங்க கோபப்படவே மாட்டேங்கறீங்க மேடம்" என்றார். காருக்குள்தான் அப்படி. வெளியே வந்து பார்க்கட்டும்.

மதியம் திரைப்படச் சங்கச் செயலாளர் போன் செய்தார். அண்ணன் இயக்கிய படங்களில் இரண்டை ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போடுகிறார்களாம். குதிரை கூரைமேல் ஏறுவது, நோயாளியின் வாய்க்குள்ளிருந்து ரயில் வருவது, அந்த மாதிரிப் புரியாத படங்கள் இல்லை. நடுவில் எடுத்த இரண்டு சாதுவான படங்கள். "மனிதநேயப் படங்கள்" என்றார். முடிவில் நான் மேடையேறிப் பூங்கொத்து கொடுக்க வேண்டுமாம். "தங்கச்சி கையால கொடுத்தா நல்லா இருக்கும்ங்க."

எந்த இரண்டு என்று கேட்டேன். ஒன்று பஸ் டிரைவர் படம். இன்னொன்று அப்பா படம்.

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 4

அந்த அப்பா படம் வந்து இருபது வருஷம் இருக்கும். ஒரே முறை பார்த்தேன், அதுவும் பாதிவரை. எங்கள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வீடு அப்படியே இருக்கிறது. அதே இரும்புக் கட்டில், அதே பச்சைப் போர்வை, அதே ஜன்னல். மகன் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுகிறான். பார்த்தவர்கள் எல்லாம் அழுத காட்சி. அந்த வீட்டில் மகள் என்று ஒருத்தியே கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவளாகக்கூட இல்லை.

நகம் வெட்டியது நான். உடம்பு துடைத்துவிட்டது நான். புரட்டிப் படுக்க வைத்தது நான். அண்ணன் அப்போது வேறொரு ஊரில் யார் வாயிலிருந்தோ ரயிலை இழுத்துக்கொண்டிருந்தான். எப்போதாவது வருவான். கட்டில் பக்கம் நின்று ஜன்னலைப் பார்ப்பான். போய்விடுவான்.

மகனாம்!

மார்ச் 6

வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "ஒரு பூங்கொத்துதானே, கொடுத்துட்டு வந்துடேன். இத்தனை வருஷம் கழிச்சு என்ன?"

எனக்குப் பாராட்டு வேண்டாம், போட்டோ வேண்டாம். அண்ணன் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும், நகம் வெட்டியது என் தங்கை என்று. அவரிடமும் இதைத்தான் சொன்னேன்.

"அதை உங்க அண்ணன்கிட்டயே கேளேன்."

கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மரியாதை? இந்த மனுஷனுக்கு எதுவும் புரியாது.

மார்ச் 9

அண்ணனே போன் செய்தான். "பட்டாசு, வர்றேதானே?" நான் பாவாடை கட்டிய காலத்தில் அவன் வைத்த பெயர்.

"வர்றேன்."

"எனக்கு அந்த ரெண்டு படமும் பிடிக்காது. அவங்கதான் கேக்க மாட்டேங்கறாங்க."

ஏன் பிடிக்காது என்று நான் கேட்கவில்லை. ஊரே தூக்கிவைத்து ஆடும் படம் பிடிக்காதாம். திமிர்.

மார்ச் 15, சனி

இப்போதுதான் விழாவிலிருந்து வந்தேன். வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பஸ் டிரைவர் படம். வேலையின் கடைசி நாளன்று, தினமும் ஏறும் கண் தெரியாத பெண் நிறுத்தத்தில் இல்லை. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அவள் வீட்டைத் தேடிப் போகிறார். திட்டிக்கொண்டிருந்த பயணிகளும் ஒவ்வொருவராக இறங்கிப் பின்னாலேயே போகிறார்கள். அழுதுவிட்டேன். அவர் கியர் மாற்றிய விதம்கூடச் சரியாக இருந்தது. இவன் படத்துக்குப் போய் அழுகிறேனே என்று அதற்கொரு கோபம்.

இடைவேளையில் செயலாளர் டீயை நீட்டினார். "இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்ங்க." டீயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு அப்பா படம். மகன் பத்து விரலையும் டக் டக்கென்று வெட்டித் தள்ளுகிறான். அப்பா புன்னகைக்கிறார். பொய்! அப்பாவின் இடது கட்டைவிரல் அச்சகத்து இயந்திரத்தில் நசுங்கி, அதில் நகம் கொம்பு மாதிரி தடித்து வளர்ந்திருந்தது. அந்த விரலை யாரையும் தொடவிடமாட்டார். வெந்நீரில் ஊறவைத்து, பேச்சுக் கொடுத்து, அவர் அசந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். வலித்தால் கன்னாபின்னாவென்று திட்டுவார். புன்னகையாவது ஒன்றாவது.

படம் முடிந்ததும் மேடையில் அண்ணனும் ஒரு பேராசிரியரும். அண்ணனின் படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். என்னை அவருக்குத் தெரியாது. தெரிந்த செயலாளரோ போட்டோக்காரரைத் தேடி வெளியே போயிருந்தார். கூட்டத்தில் ஒருவர் கேட்டார், அந்த நகம் வெட்டும் காட்சி சொந்த அனுபவமா?

அண்ணன் மைக்கை வாங்கினான். நான் முன்வரிசையில், மடியில் பூங்கொத்து. சொல்லப் போகிறான். இதோ சொல்லப் போகிறான் —

"படத்துல இருக்கறதுதான்" என்றான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "அது நான்! நகம் வெட்டினது நான்! அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தது நான்!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அற்புதம். கேட்டீங்களா? இவரோட கனவுப் படங்கள்ல ஒருத்தர் இன்னொருத்தரா மாறிடுவாங்க. இங்க பார்க்கறவங்களே அந்த மகனா மாறிடறாங்க. இந்த அம்மா சொன்னதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்ல."

கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டினார்கள்! பின்னாலிருந்து ஒரு பெண் தோளைத் தொட்டு, "எனக்கும் அப்படியேதாங்க இருந்துச்சு" என்கிறாள். என்னடி இருந்துச்சு உனக்கு? நீயா வந்து எங்கப்பாவுக்கு மூத்திரத் துணி அலசினே?

அண்ணன் மட்டும் தட்டவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கொத்தை நாற்காலியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16

ஒன்றும் இல்லை.

மார்ச் 18

பல் டாக்டரம்மா: "மேடம், நான் மிதிக்கறதுக்குள்ள நீங்களே மிதிச்சுடறீங்க. நான் எப்பத்தான் கத்துக்கறது?"

மார்ச் 20, வியாழன்

வகுப்பு முடிந்து வண்டியை நிழலில் நிறுத்தியிருந்தேன். கதவைத் திறந்து அண்ணன் ஏறினான், ஓட்டக் கற்பவர்கள் உட்காரும் இடத்தில். அவனுக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தே பேசினான்.

"ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல ஜனங்க அழுவாங்க. எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருக்கும்."

"ஏன் என்னைப் படத்துல இல்லாம பண்ணிட்டே?"

"உன்னை வச்சா, அந்தப் பையன் ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கறவனா ஆயிடுவான். அதை எடுக்கத் தைரியம் இல்ல."

"குதிரையைக் கூரைமேல ஏத்தத் தைரியம் இருந்துச்சு?"

"குதிரை என்னைக் கேள்வி கேக்காதுல்ல."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இடது கட்டைவிரலைத் தொடவே விடமாட்டாரே. அதை எப்படி வெட்டினே?" என்று கேட்டான்.

அதை இவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? அதையும் படமாக எடுக்கவா? அடுத்த வாரம் வேறொரு ஊரிலும் இதே இரண்டு படங்களைப் போடுகிறார்களாம். "போ. அங்கயும் போய்க் கைதட்டு வாங்கு" என்றேன். இறங்கும்போது கதவின் கைப்பிடி எங்கே என்று தெரியாமல் தடவினான். நான்தான் எட்டித் திறந்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

இப்போதுதான் போன் வந்தது. அந்த ஊர் அரங்கத்து வாசலிலிருந்து பேசினான்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"படம் போடறதுக்கு முன்னாடியே மைக்கை வாங்கிட்டேன். இதுல வர்ற பையன் நான் இல்ல, நகம் வெட்டினது என் தங்கச்சி, நான் சும்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னேன்னு சொன்னேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "அவங்க என்ன சொன்னாங்க?"

"கைதட்டினாங்க. அந்த ஜன்னல் கேமராவோட உருவகமான்னு ஒருத்தர் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"இல்லங்க, அது வெறும் ஜன்னல்தான்னு சொன்னேன். அதுக்கும் கைதட்டறாங்கடி!"

சிரித்தேன். அவனும் சிரித்தான். வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அடங்கியதும் அண்ணன் மெதுவாகக் கேட்டான், அந்த இடது கட்டைவிரலை எப்படி வெட்டுவே என்று.

"முதல்ல வெந்நீர் வைக்கணும்" என்று ஆரம்பித்தேன்.