பேரம் பேசாத வாடிக்கையாளர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நீ சொல்லித்தான் தெரிய வேண்டும். அதிலும் பாதியைத்தான் நம்புவேன். காய்ச்சலில் படுத்துக்கொண்டே "சூப்பரா இருக்கேன்" என்று சொல்கிற ஆள் நீ. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் போனை எடுத்தாலே உன் அத்தான் பக்கத்தில் வந்து நிற்கிறார். இது அவருக்குத் தெரியக்கூடாத விஷயம்.

நம் டூல் ஹோல்டர் விற்கிறது. நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்ற காலத்திலேயே என் மண்டையைக் குடைந்த யோசனைதான் அது. லேத்தில் இரும்பைச் சீவுகிற டூல் பிட்டைப் படுக்க வைக்காமல், கொஞ்சம் சாய்த்து நிற்க வைத்துப் பிடிப்பது. ஒரே ஒரு முகத்தில் சாணை பிடித்தால் போதும். நான் பதினைந்து டிகிரி சாய்த்துவிட்டு, வெட்டும்போது அதிர்கிறதே என்று உன்னிடம் புலம்பினேன். பன்னிரண்டு வைத்துப் பார் என்றாய். பன்னிரண்டில் சத்தமே மாறிவிட்டது. அன்றைக்கு உனக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை, இப்போது வைத்துக்கொள்.

விலை போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இரும்பு, ஸ்க்ரூ, துருப்பிடிக்காமல் கருப்பேற்றும் செலவு, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கூட்டினேன். அதன் மேல், தொழிற்சாலையில் எனக்குக் கொடுக்கிற அதே கூலியை என் நேரத்துக்கும் போட்டேன். தொள்ளாயிரம் வந்தது. "வீட்டுல உக்காந்து செய்யறதுக்கு எதுக்குக் கூலி?" என்றார் உன் அத்தான். "வீட்டுல செஞ்சா கை வலிக்காதா?" என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டில்தானே இருக்கிறார், போட்டோ எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டது அவர்தான்.

முதலில் வாங்கியவர் நம் தெருக்கோடியில் பம்பு ரிப்பேர் பார்க்கிறவர். எண்ணூறுக்குக் கேட்டார், அரைமணி நேரம் மல்லுக்கட்டினார், கடைசியில் தொள்ளாயிரத்தையே கொடுத்துவிட்டு ஒரு டீயையும் குடித்துவிட்டுப் போனார். அவர் சொல்லி இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் பேரம் பேசினார்கள், எல்லோரும் லேத்தில் எத்தனை மில்லி டூல் போஸ்ட்டுக்குப் பொருந்தும் என்று கேட்டார்கள்.

பிறகு உன் ஊரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. பேரம் இல்லை, அளவு கேட்கவில்லை, பணம் மட்டும் வந்து விழுந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. அதற்கடுத்தும் இரண்டு. எனக்கு மூக்கில் வியர்த்தது. பார்த்துவிடலாம் என்று ஆயிரத்து இருநூறு ஆக்கினேன். வாங்கினார். ஆயிரத்து ஐநூறு ஆக்கினேன். அதற்கும் வாங்கினார். ஆளுக்கொரு விலை சொல்ல எனக்கு வராது, அதனால் இப்போது எல்லோருக்கும் ஆயிரத்து ஐநூறுதான்.

காப்பி அடிக்கிறவனாக இருந்தால் ஒன்று வாங்கினால் போதுமே. மறுபடி விற்கிறவனாக இருந்தால் தள்ளுபடி கேட்பானே. இவன் யார்? விலாசத்தைப் பார், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பட்டறை என்று போட்டுவிட்டு, பெறுபவர் வாட்ச்மேன் என்று இருக்கிறது. எந்தப் பட்டறையாவது தன் டூலை வாட்ச்மேன் பெயருக்கு வாங்குமா?

இன்னொன்று. உன் அத்தான் அடிக்கடி கடைவீதி டூல் கடைக்குப் போகிறார். போனால் ஒரு மணி நேரம். என்ன பேசினீர்கள் என்றால் சும்மாதான் என்கிறார். என் வரைபடம் அந்தக் கடைக்காரனிடம் போய்விட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. கொரியர் ஆபீஸ் பையன் வேறு பெட்டியைத் தராசில் வைக்கும்போது இரண்டு தடவை குலுக்கிப் பார்க்கிறான். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா ஹோல்டரிலும் ஒரு ரகசிய அடையாளம் குத்தி வைத்திருக்கிறேன். நாம் வேலை பார்த்த பழைய பட்டறையில் யார் செய்த ஜாப் என்று தெரிய நான் ஒரு புள்ளியும் நீ இரண்டு புள்ளியும் குத்துவோமே, அந்த மாதிரி. எங்கே, என்ன என்று உனக்கும் சொல்லமாட்டேன்.

நீ ஒரு நடை போய் அந்தப் பட்டறையைப் பார்த்துவிட்டு எழுது. கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலைதானே உனக்கு, ஒருநாள் எண்ணாவிட்டால் குறைந்துவிடாது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலவே இருக்கிறது, அதனால் எழுதியது நீதான் என்று நம்பினேன்.

பட்டறைக்குப் போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். பத்து லேத் ஓடுகிறது, முதலாளி தங்கமானவர், நம் ஹோல்டரைப் பற்றி ஆகா ஓகோ என்று சொன்னார், சந்தேகமே வேண்டாம் அக்கா என்று முடித்திருக்கிறாய். சந்தோஷம். ஆனால் ஒன்று இடிக்கிறது. தெருவில் போகும்போது லேத் சத்தம் கேட்டாலே நின்று, என்ன மெஷின், எத்தனை அடி நீள பெட் என்று விசாரிக்கிறவன் நீ. பத்து லேத்தைப் பார்த்துவிட்டு ஒன்றைப் பற்றிக்கூட எழுதவில்லை. அவசரமோ என்னவோ.

இங்கே பம்பு பட்டறைக்காரர் இன்னும் இரண்டு ஹோல்டர் கேட்டு வந்தார். ஆயிரத்து ஐநூறு என்றதும் கையில் எடுத்ததை மெதுவாகக் கீழே வைத்தார். "டூல் நல்ல டூல்தாம்மா. விலைதான் நமக்கு ஒத்துவரல" என்றார். பேரம்கூடப் பேசாமல் எழுந்து போய்விட்டார். அவர் பேசாமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது. உள்ளூரில் வேறு யாரும் வரவில்லை. ஆனால் உன் ஊர்க்காரர் வாங்கிக்கொண்டே இருக்கிறார், அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறேன்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, முழு நேரமும் இதையே செய்யப் போகிறேன். ராஜினாமா எழுதியாகிவிட்டது. உன் அத்தானுக்கு வேலை இல்லாத நேரத்தில் இது சரியா என்று நீ கேட்பாய். தெரியும். அவர் வேலை போனபோது நீ தருகிறேன் என்ற பணம் வேண்டாம் என்று முகத்திலடித்த மாதிரி சொன்னேனே, இப்போதும் அதே பதில்தான். கை நீட்டி வாங்கமாட்டேன். என் கை செய்ததை விற்றுச் சாப்பிடுவேன்.

கடைசியாக ஒரு ரகசியம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வாயைத் திறக்காதே. முந்தாநாள் அவருக்கு அனுப்பிய பெட்டியில் பிட்டை இறுக்குகிற ஸ்க்ரூவை வேண்டுமென்றே வைக்கவில்லை. அது இல்லாமல் ஹோல்டர் வெறும் இரும்புத் துண்டு. உண்மையாகவே லேத் ஓட்டுகிற டர்னர் என்றால் திறந்த உடனே என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். திட்டு வந்தால் ராஜினாமாவைக் கொடுத்துவிடுவேன். வரவில்லை என்றால் வேறு ஏதோ விவகாரம். பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

திட்டு வந்துவிட்டது. "நீங்கள் அனுப்பிய கடைசிப் பெட்டியில் இறுக்கும் ஸ்க்ரூ இல்லை. உடனே அனுப்பி வைக்கவும். மற்றபடி பொருள் மிகவும் தரமானது" என்று வாட்ச்மேன் நம்பரிலிருந்து செய்தி. படித்துவிட்டு மெஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தப் பெட்டியில் ஸ்க்ரூ இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு வைத்து அனுப்பினேன். ஸ்க்ரூ இல்லை என்ற பொய்யை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் சொன்னேன், அதுவும் கடிதத்தில். இனிமேல் நீ என் காதில் பூச் சுற்ற முடியாது.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த வாட்ச்மேனை நினைத்துச் சிரிப்பு வந்தது, பாவம், உனக்காக எத்தனை பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டாரோ. பிறகு, உனக்குத் தெரிந்தால் தெரியட்டும், அழுதேன். கையில் கொடுத்தால் அக்கா வாங்கமாட்டாள் என்று சுற்றி வளைத்துக் கொடுத்திருக்கிறாய். அது எனக்குப் புரிகிறது. அதற்காக உன்னை வைய எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் நீ செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் விலை ஏற்றியது உன்னைப் பார்த்துத்தான். ஆயிரத்து ஐநூறுக்கு ஒருவன் கேள்வி கேட்காமல் வாங்குகிறான் என்றால் பொருள் அவ்வளவு பெறும் என்று நினைத்தேன். பாசத்துக்கு வாங்குகிறவனிடம் விலை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? நிஜமாகவே லேத் ஓட்டுகிறவர்கள் எல்லாம் படியிறங்கிப் போனார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், நீ ஒருவன் வாங்குவதை நம்பி, வீட்டில் இருக்கிற ஒரே சம்பளத்தையும் விட்டிருப்பேன். ராஜினாமாவைக் கொடுக்கவில்லை, பயப்படாதே. அரிசி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

விலையை மறுபடி தொள்ளாயிரம் ஆக்கிவிட்டேன். பம்பு பட்டறைக்கு நானே நடந்து போய், விலை தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். "இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்று ஆரம்பித்து, எண்ணூறுக்குக் கேட்டு, எண்ணூற்றைம்பதில் வந்து நின்றார். கொடுத்தேன். நான் கிளம்பும்போது, ஸ்க்ரூவின் தலை ஜாப்பைப் பிடித்துச் சுழலும் சக் பக்கமாக நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கிறது என்று ஒரு குறையும் சொன்னார். காட்டினார், உண்மைதான். மறுநாளே ஸ்க்ரூவைப் பின்பக்கத்துக்கு மாற்றினேன். அந்த ஒரு குறைக்காகவே இன்னொரு ஐம்பதையும் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. உன் "மிகவும் தரமான பொருள்" எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை.

உன் அத்தான் விஷயமும் தெரிந்துவிட்டது. டூல் கடைக்காரனிடம் ஒரு ஹோல்டரையாவது கண்ணாடி அலமாரியில் வை என்று தினமும் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொல்ல வெட்கமாம். வரைபடத்தை விற்கிறார் என்று நான் நினைத்ததை அவரிடம் நீ சொல்லக் கூடாது. சொன்னால் வாட்ச்மேன் கதையை உன் கல்யாணத்தில் மைக் வைத்துச் சொல்வேன். கொரியர் பையன் மேல் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை.

இப்போது எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். நீ பணம் கொடுத்து வாங்கியது வலிக்கவில்லை. ஸ்க்ரூ இல்லை என்று எழுதுவதற்கு முன்னால்கூட ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே, அதுதான் வலிக்கிறது. திறந்திருந்தால் இரண்டு ஸ்க்ரூவும் உன் கையில் விழுந்திருக்கும். அத்தனை பெட்டியையும் வந்த மாதிரியே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருப்பாய். நான் ராத்திரி பகலாகச் செய்தது எனக்குப் பணம் தர உனக்கு வெறும் சாக்கா? பிறகு யோசித்தேன். நாள் முழுக்க அடுத்தவர் பெட்டியை எண்ணிவிட்டு அறைக்கு வருகிறவன், லேத் இல்லாத இடத்தில் ஒரு டூலைக் கையில் எடுத்துப் பார்க்கப் பயந்தாயோ என்னவோ. அப்படி இருந்தால் எழுது. அதைச் சொல்ல உனக்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

பெட்டிகளைத் திருப்பி அனுப்பாதே, கொரியர் செலவு தண்டம். அந்த ஊரில் நிஜமான பட்டறைகள் இருக்கும், பத்து லேத் இல்லாவிட்டாலும் ஒரு லேத்தாவது இருக்கும். எடுத்துக்கொண்டு போ. யாரிடமாவது கெஞ்சி ஒரு ஜாப் ஓட்டிப் பார். என்ன விலைக்குக் கேட்கிறார்கள், என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுது. விற்ற பணம் உன்னுடையது. அதில் என்னோடு சண்டைக்கு வராதே.

அதற்கு முன்னால் நீ ஒன்றைத் திறக்க வேண்டும். அக்கா செய்தது என்பதை மறந்துவிட்டு, ஒரு டர்னராக எடுத்துப் பார்த்து, நீயாக இருந்தால் என்ன கொடுப்பாய் என்று எழுது. ஐநூறு என்று தோன்றினால் ஐநூறு என்றே எழுது, நான் உடைந்துபோக மாட்டேன். உன் பதில் வரும் வரை ராஜினாமா அரிசி டப்பாவுக்கு அடியிலேயே இருக்கும்.

திறந்ததும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். அந்த ரகசிய அடையாளம் அங்கேதான் இருக்கிறது. மூன்று புள்ளி. பழைய பட்டறையிலிருந்தே என்னுடையது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. உன் கையும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா