ஒற்றைத் தேதிக் கற்கள்

ஜூன் 9, திங்கள்

பெனிஸ்டன் வந்தான். சபைச் செயலாளரை 'வந்தார்' என்றுதான் எழுத வேண்டும். மூக்கு ஒழுகத் திரிந்த வயதிலிருந்து பார்த்தவனை அப்படி எழுத வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டதாம். யாரும் உரிமை கேட்காத பழைய குழிகளைத் திறந்துதான் இனி ஆட்களை இறக்க வேண்டும். அதற்கு இருநூற்றுச் சொச்சம் கல்லையும் படித்து ஒரு பதிவேடு எழுத வேண்டும்.

"ஹார்பர்ல முப்பது வருசம் சரக்கு லிஸ்ட் எழுதினிய, பொன்னுதுரை அண்ணாச்சி. ஒங்கள விட்டா ஆளு கிடையாது."

ஆள் கிடையாதுதான். வேலை வெட்டி இல்லாத ஆளும் நான்தான். மனைவி பிளாரன்ஸ் போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு இது தேவலை. சரி என்றேன்.

ஜூன் 12

பதினான்கு கல். முட்டி விண்விண் என்று தெறிக்கிறது. காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிறது.

ஜூன் 17

எங்கள் கற்களில் பிறந்த நாள் இருக்காது. முதல் தேதி, தண்ணீரில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாள். இரண்டாவது, இறந்த நாள். அதற்கு முந்தி வாழ்ந்ததெல்லாம் கல்லில் ஏறாது. குழந்தைகள் முழுக்கு எடுப்பதில்லை என்பதால் அவர்களுக்கு ஒரே தேதி. அப்படி இதுவரை ஏழு கல் கண்டேன். எழுத்து அரித்துப்போய்ப் பெயர்கூடத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் எதிரே 'குழந்தை' என்று எழுதினேன்.

மகள் ஸ்டெபி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அம்மாவ உள்ள விடாத எடத்துக்கு நீங்க எதுக்குப்பா போயி உழைக்கிய?"

இங்கே வெயில் கூடுதல் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

திருவிருந்து நாள். கடைசி பெஞ்சில் கிருபாபாய் அக்கா மட்டும். முன்பு அந்த பெஞ்சில் இரண்டு பேர். நாசரேத்காரி அவர்கள், சாத்தான்குளத்துக்காரி என் பிளாரன்ஸ். இரண்டு பேருக்கும் பிறந்த சபையில், பச்சைப் பிள்ளையாக, தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. எங்கள் சபையில் அது கணக்கில் சேராது. அப்பத் தட்டு வரும்போது எடுக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். முப்பத்து நான்கு வருடம் அவள் அப்படிக் கொடுத்தாள். அசன விருந்துக்கு இருநூறு பேருக்குச் சோறு வடித்ததும் அவள்தான். அதை எல்லாரும் சாப்பிட்டார்கள்.

முழுக்கு எடுக்கச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன். "ஒருக்கா பேரு வச்ச பிள்ளைக்கு இன்னொருக்கா பேரு வைப்பாங்களாக்கும்?" என்பாள். பிடிவாதக்காரி.

மூன்று வருடம் முன்பு அவள் இறந்த அன்று, முழுக்கு எடுக்காதவருக்கு இங்கே இடமில்லை, அதுதான் விதி என்று கமிட்டி சொல்லியது. அம்மா அப்பா கிடக்கும் எங்கள் குடும்பக் குழி இருந்தும் இடம் இல்லை. ஆம்புலன்ஸில் சாத்தான்குளத்துக்குக் கொண்டுபோனோம்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் எழுத வேண்டும். செயலாளராக இருந்த பதினோரு வருடத்தில் நானே இரண்டு வீட்டாரிடம் 'விதி' என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன். என் வீட்டுக்கு வந்தபோது எந்த வாயால் கேட்பது? கேட்டிருக்கலாம். நாயே, கேட்டிருக்கலாம்ல.

ஜூலை 15

குழி தோண்டும் நயினார் இன்று கூட வந்தான். வடக்கு மூலையில் ஒற்றைத் தேதிக் கல் ஒன்று. நான் 'குழந்தை' என்று எழுதும்போது சிரித்தான்.

"குழந்தையா? மம்பட்டிக் கம்ப வச்சு அளந்து பாருங்க. ஆறடி நீளக் குழிலா இது. பச்ச மண்ணுக்கு எவன் ஆறடி தோண்டுவான்?"

கல்லில் தண்ணீரை ஊற்றச் சொன்னான். நாலு மணி வெயில் சாய்வாக விழ, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் எழுத்து தெரிந்தது. 'சாராள். உபதேசியார் மனைவி. நான்கு பிள்ளைகளின் தாய்.' கீழே ஒரே தேதி, 1911.

நான்கு பிள்ளைகளின் தாய்.

முழுக்கு எடுக்காத ஒருத்தியை இங்கேயே புதைத்திருக்கிறார்கள். அதுவும் சபையை நடத்திய உபதேசியாரின் மனைவியை.

ஜூலை 19

நான் 'குழந்தை' என்று எழுதியவை மொத்தம் பதினொன்று. நயினார் எல்லாவற்றையும் அளந்தான், தண்ணீர் ஊற்றிப் பெயர்களையும் படித்தோம். ஐந்து நிஜமாகவே குழந்தைகள். ஆறு பெரியவர்கள். கடைசி 1958.



ஜூலை 27

பெனிஸ்டனிடம் கேட்டேன், அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று. பீரோவைத் திறந்து, பழைய தீர்மானப் புத்தகங்கள் அத்தனையையும் இருவருமாகப் புரட்டினோம். அசனத்துக்கு ஆடா கோழியா என்பதற்குக்கூடத் தீர்மானம் இருக்கிறது. இதற்கு இல்லை.

"வழக்கந்தான் அண்ணாச்சி," என்றான்.

எழுதாத ஒன்றுக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21

கிருபாபாய் அக்கா விடியற்காலையில் போய்விட்டார்கள். மகன் ஜெஃப்ரி துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். லோடை இறக்கிவிட்டு அப்படியே சபைக்கு வந்து நின்றான். அழக்கூட இல்லை, இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டான். பெனிஸ்டன் தரையைப் பார்த்தான்.

எங்கள் குடும்பக் குழியில் இறக்குங்கள் என்றேன். எண்பத்தெட்டாம் எண். அது என் உரிமை, தருகிறேன்.

பெனிஸ்டன் என்னை ஓரமாக அழைத்துப் போனான். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா. இன்னைக்கு இவங்களுக்குக் குடுத்தா, அன்னைக்கு பிளாரன்ஸ் மயினிக்கு ஏன் குடுக்கலன்னு நீங்க கேக்க மாட்டியளா?"

"கேப்பேன். நீ பதில் சொல்ல வேண்டாம். குழியத் தொறக்கச் சொல்லு."

பதிவேட்டைப் பிரித்து அந்த ஆறு பெயரையும் கமிட்டிக்காரர்கள் முன்னால் வாசித்தேன். சாராளை இரண்டு தடவை வாசித்தேன். பெனிஸ்டன் நயினாருக்கு ஆள் அனுப்பினான். மூன்றரைக்கு அடக்கம் செய்தோம்.

ஆகஸ்ட் 22

நயினார் வந்தான். "ஒங்க அப்பா அம்மா எலும்ப ஓரமா சேத்து வச்சிருக்கேன். இனி பதினாலு வருசத்துக்கு அந்தக் குழியத் தொறக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

"அதுக்குள்ள நான் போயிருவேம்லே."

"அப்ப ஒங்கள எங்கன போட?"

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பதிவேட்டை நேற்று ஒப்படைத்தேன். ஆறு இடத்தில் 'குழந்தை' என்பதை அடித்து, அவரவர் பெயரை எழுதியிருக்கிறேன். எண்பத்தெட்டில் அப்பா, அம்மா, கிருபாபாய். அக்காவுக்கு ஒரே தேதி. பெனிஸ்டன் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

இன்று ஆராதனைக்குப் போகவில்லை. சாத்தான்குளம் போனேன். பிளாரன்ஸின் தம்பி கிங்ஸ்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துப் போனான். அவள் கல்லில் பிறந்த நாள் இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் சரியாகப் பார்த்ததில்லை. ஏப்ரல் 2, 1963. பக்கத்தில் ஆறடி சும்மா கிடந்தது. புல்லைச் செதுக்கி வைத்திருந்தார்கள்.

இது யாருக்கு என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் அத்தான். அன்னைக்கே குருவானவர்ட்ட சொல்லி வாங்கிப் போட்டேன். நீங்களா வந்து கேப்பியன்னு மூணு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் பக்கத்தில் நின்றான். ஐந்தே முக்கால் பஸ்ஸில் திரும்பினேன். ஸ்டெபிக்கு நாளைக்குச் சொல்ல வேண்டும்.