மச்சானுக்கு நான் வெட்டிக்கொடுத்த பெல்ட்

என் ஆசை மச்சான் முத்தையாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை வருகிறது. போய்ச்சேர்ந்த ஆளிடம் கேட்கிற கேள்வியா அது என்று பார்வதி திட்டுவாள். என் தங்கச்சி, உன் பொண்டாட்டி, நல்லா இருக்கிறாள். நானும் நல்லா இருக்கிறேன், அடிவயிற்றில் நாலு விரல் நீளத் தழும்போடு. ஆமாம் மச்சான், உனக்கு வந்த அதே குடலிறக்கம் எனக்கும் வந்தது. நான் ஒப்பரேஷன் செய்துகொண்டேன். சிரிக்காதே.

முதல் நாள் ஞாபகம் இருக்கா? கவ்வாத்து மலையில் குனிந்து தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தவன் பலமாக இருமினாய். தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. படுத்தால் உள்ளே போனது, எழுந்தால் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"அந்த எடத்துல கத்தி வச்சா, குடும்பக் கட்டுப்பாடு ஒப்பரேஷன் பண்ணிக்கிட்டான்னு காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல நின்னு சிரிப்பானுங்க மச்சான். வேற வழி பாரு."

வழி பார்த்தவன் நான்தானே! பழைய லொறி டியூபை நீளமாக வெட்டி, மேலே துணி சுற்றி, கட்டி தள்ளுகிற இடத்தில் ஒரு துணி உருண்டையையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பெரிய டொக்டர் என்ற நினைப்பு எனக்கு. அதை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மூன்று வருசம் நீ மலை ஏறினாய். அது வேலை செய்ததுதான் வினையாகப் போனது.

பிறகு ஒரு நாள் கட்டி உள்ளே போகவில்லை. கல்லு மாதிரி இறுகிவிட்டது. வாந்தி எடுத்தாய். "வயித்து வாயு, காஸ்டிக்தான், ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்று ஒரு பகல் முழுக்கச் சாதித்தாய். மறுநாள் பதுளை ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது, சிக்கிய குடல் செத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் நீயும் போய்விட்டாய். "ஐயோ, யாருக்குமே தெரியாமப் போச்சே" என்று லயத்து வீடெல்லாம் அழுதது. நானும் அதையே சொல்லி அழுதேன். எவ்வளவு பெரிய பொய் அது, மச்சான்?

பட்டால்தான் தெரியும் என்பார்கள். எனக்குப் பட்டும் தெரியவில்லை. போன வருசம் எனக்கும் கட்டி வந்தபோது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? இன்னொரு டியூபை வெட்டினேன்.

மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த பார்வதி, தண்ணீர் வாளியைத் தூக்க நான் குனிந்தபோது சட்டை விலகியதில் பெல்ட்டைப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று பயந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுல பதுளைக்குப் போறோம்ணே."

"வரலன்னா?"

"வரலன்னா இன்னிக்கே பாடை கட்டச் சொல்லிர்றேன். ரெண்டு வேலையா எதுக்கு?"

ஸ்பிரிங்வெளி ரோட்டில் எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று யோசித்தேன். என் கையை அவள் விடவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, நமக்கு மகள் வயசு. இடுப்புச் சாரத்தைத் தளர்த்த எனக்குக் கூச்சம். "ஐயா, இதில வெக்கப்பட ஒண்டும் இல்லை" என்றார். "வயித்துச் சுவரில ஒரு இடம் பலவீனமாப் போச்சுது. அதுக்குள்ளால குடல் வெளிய வருது. பெல்ட் கட்டினா ஓட்டை அடைபடாது. குடல் சிக்குப்பட்டு, நோவும் சத்தியும், அதுதான் வாந்தியும், வந்தா ஒரு நிமிசமும் வீட்டில நிக்கக் கூடாது. அதுக்கு முன்னமே செய்தா இது லேசான ஒப்பரேஷன்."

நீ கேட்காமல் போன கேள்வியை நான் வாய்க்குள் முனகினேன். பார்வதி அதை ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள்: "இதனால ஆம்பளத்தனம் போயிருமாம்மா?"

"குடும்பக் கட்டுப்பாடு வேற ஒப்பரேஷன், இது வேற. ரெண்டாலயும் அது போகாது. இவர் இருந்தபடியே இருப்பார்."

இந்த ஒரு பதிலுக்குப் பயந்துதானே நீ போனாய்? கேட்டிருந்தால் அரை நிமிசம்கூட ஆகியிருக்காது.

முதுகில் ஒரு ஊசி. அதற்குப் பிறகு என் கால் யாருடைய காலோ ஆகிவிட்டது. உள்ளே என்னமோ இழுக்கிறார்கள் என்று தெரிந்தது, வலி இல்லை. குடலை உள்ளே தள்ளி, ஓட்டை மேல் நுளம்பு வலை மாதிரி ஒரு சின்ன வலையை வைத்துத் தைத்துவிட்டார்களாம். மூன்றாம் நாள் வீடு. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். பார்வதி எனக்குச் செம்பைத் தூக்கவும் விடவில்லை, மகாராசா மாதிரி கிடந்தேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். மச்சானுக்கும் பெல்ட் வெட்டிக் கொடுத்தது நான்தான், தெரிந்தே சும்மா இருந்தேன் என்று. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தெரியும்ணே" என்றாள். "வாரத்துக்கு ரெண்டு தடவ அதத் தொவச்சவ நான்தானே. வெளிக் கொடியில போட்டா ஆளுக பாத்துருவாங்கன்னு அடுப்புப் பக்கத்துலயே காய வச்சேன்."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "ஒளிச்சு வச்சது மூணு பேருண்ணே. போனது ஒருத்தரு." உன்னைப் புதைத்த அன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் அப்படி அழவில்லை, மச்சான். அழுது முடித்ததும் அவளே தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நீ போய் ஏழு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இப்போது அவள் யார் கேட்டாலும் கூச்சமில்லாமல் சொல்கிறாள், எங்க வீட்டு ஆளு குடலிறக்கத்தாலதான் செத்தாரு என்று. கவ்வாத்து ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் நானும் இதை மூடாமல் எழுதுகிறேன். போன கிழமை அவர்களில் ஒருத்தன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அவனோடு நானும் போகிறேன். பார்வதியும் வருவாளாம். கேள்வி கேட்க ஆள் வேண்டுமே!

அங்கே என் வருகைக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. என் தங்கச்சி ஒருத்தரை வழியனுப்பியது போதும். அவளை விட்டுவிட்டு அவசரப்பட்டு உன் பக்கம் வரமாட்டேன், இது உன் மேல் சத்தியம்.

அவளுக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சிவலிங்கம்