லீவு என்று நினைத்தேன்

சுவேதா கண்ணுக்கு,

பூந்தமல்லியிலிருந்து உன் அம்மா அங்கம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் முதலில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அன்று காலை நீ என் போனுக்கு 'ஐ ஆம் லீவிங்' என்று அனுப்பியிருந்தாய். எட்டாவது வரை படித்த நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் 'லீவ்' மட்டும்தான் புரிந்தது. ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறாய், மதியமே வந்துவிடுவாய் என்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அப்பாவும், "லீவு போட்டுகினு சினேகிதிங்களோட எங்கனா போயிருப்பா. நீ இன்னாத்துக்கு பதர்றே?" என்றார்.

சாயங்காலம், நான் வேலை செய்யும் ஃப்ளாட்டில் சுலோசனா மேடத்திடம் போனைக் காட்டினேன். படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "லீவுன்னா விடுமுறை மட்டும் இல்ல அங்கம்மா. விட்டுட்டுப் போறதுக்கும் அதான் வார்த்தை" என்றார்.

அதற்கு முதல் நாள், நீ விரும்பிய சரணைப் பற்றி அப்பா தாறுமாறாகப் பேசியபோது 'லீவ் மீ' என்று கத்தினாயே, அதையும் மேடத்திடம் கேட்டேன். 'என்னை விட்டுவிடுங்கள்' என்று அர்த்தமாம். அது புரிந்திருந்தால் உனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பேன். கதவோரம் சும்மா நின்றுவிட்டேன் கண்ணு.

நீ சரணோடு பெங்களூருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பெங்களூர் பஸ்கள் குமணன்சாவடி வழியாகத்தான் போகின்றன. வேலைக்குப் போகும் வழியில் நின்று போர்டைப் பார்ப்பேன். ஆறு மணி நேரப் பயணம்தான் என்கிறார்கள்.

போன மாதம் அப்பா திருப்பதிக்குப் போவதாகக் கம்பெனியில் இரண்டு நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது மொட்டையும் இல்லை, லட்டும் இல்லை. விடாமல் கேட்டேன். உன்கூட வேலை பார்த்த சிம்ரனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்திருக்கிறார். உன் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் விடிந்ததிலிருந்து நின்றாராம். நீ பால் வாங்க இறங்கி வந்தாயாம். "மாசமா கீறா அங்கம்மா. இடுப்புல கைய வெச்சுகினு மெதுவா நடக்குறா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "இன்னா மூஞ்சிய வெச்சுகினு கூப்புடுவேன்?" என்றார்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறார். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. மாடிப்படியில் பார்த்து இறங்கு. தலைச்சன் பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும். சரணும் நீயும் குறைவில்லாமல் வாழுங்கள்.

அன்றைக்குப் பால் வாங்க வரும்போது, டீக்கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார் அம்மா. அவர் கூப்பிடமாட்டார்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா