ஒரே பஸ், இரண்டு நடை

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிருக்குப் பழகி உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் தங்கையும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பொய் எழுத வரவில்லை. போன வாரம் கணக்குப் பரீட்சையில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாளாம். கடைசி மூன்று கேள்விக்கு இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் இறுதித் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன் என்றார். வந்து சொன்னால் அம்மா அழுகிறாள். சின்னவளும் ஒன்பது மணிக்கே படுக்கத்தான் செய்கிறாள், பதினொன்று வரை புரண்டுகொண்டே இருக்கிறாள், கண் மூடுவதில்லை. போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியும் பார்த்தாயிற்று.

இதற்கிடையில் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். இந்த வயதில் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிற நேரமே பின்னால் தள்ளிப் போய்விடுமாம், எட்டு ஒன்பது மணி நேரமாவது தூங்கியே ஆகவேண்டுமாம், அது சோம்பல் இல்லையாம், ஏழு மணிப் பள்ளியை எட்டரைக்கு மாற்றுங்கள் என்றார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன் முகத்தில் எத்தனை நாள் தண்ணீர் அடித்து எழுப்பியிருப்பேன், தூங்குமூஞ்சி என்று சொந்தபந்தம் எல்லாம் கூப்பிடும்படி செய்ததும் நான்தான். மன்னித்துவிடும்மா.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியர் மெல்ல என் பக்கம் திரும்பி, பள்ளி பஸ் ஓட்டுகிறவரே இருக்கிறார், அவரையே கேட்போம் என்றார். இருப்பது நாலே பஸ், முதல் நடை பெரிய பிள்ளைகள், அதே பஸ்தான் அடுத்த நடை எட்டரைக்குக் குட்டிகளைக் கொண்டுவிடுகிறது, உனக்குத் தெரியாததா. இரண்டு கூட்டமும் ஒரே நேரம் வந்தால் பஸ்ஸுக்கு எங்கே போவது. நடையை மாற்றி ஓட்டலாம் என்றால் ஆறு வயதுக் குழந்தை விடியாத தெருவில் போய் நிற்க வேண்டும். முடியாது சார் என்றேன். கூட்டம் அத்தோடு கலைந்துவிட்டது.

மறுநாள் பிள்ளைகள் இவளிடம், உங்கப்பாதான் முடியாதுன்னு கெடுத்துட்டாராமே என்று கேட்டிருக்கிறார்கள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை கிளம்பும்போது, நீங்க உள்ளதைத்தானேப்பா சொன்னீங்க என்று சொல்லிவிட்டு, ஒரு கால் ஷூவை மாட்டியவள் அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இப்போது பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் அவள் தலை ஜன்னலில் இடித்துக்கொண்டே வருகிறது, பின்னால் நாற்பது பிள்ளைகளும் அப்படித்தான். வேகத்தடை வந்தால் எறும்பு ஊர்வதுபோல விடுகிறேன். ஒன்பது நிமிடம் தாமதம் என்று மெமோ கொடுத்தார்கள், வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்னால் என்ன ஆகும். உன்னை எழுப்பியபோது எனக்கு ஒன்றும் தெரியாது, இவளைத் தெரிந்தே எழுப்புகிறேன், அவள் தோளைத் தொடக் கை வரமாட்டேன் என்கிறது. நீ படித்தவள், ஏதாவது வழி தெரிந்தால் எழுது.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் செய்வாயே, இனி பத்து மணிக்கு மேல் செய். மணி அடித்தால் போதும், பஸ் போயிடுச்சாப்பா என்று பதறி எழுந்து பையைத் தேடுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா