இரு தரப்பிலும் நியாயம் உண்டு

8 ஜூன் 1998, திங்கள். சான்டா கிளாரா.

காலையில் மேகம். பத்து மணிக்கு மேல் வெயில். நேற்றும் இதே. நாளையும் இதே. இந்த ஊரில் வானிலை பற்றி எழுதி டைரியை நிரப்ப முடியாது.

இன்று: தயிருக்கு உறை ஊற்ற. கா.வின் நூலகப் புத்தகங்களைத் திருப்ப. இரண்டாம் நம்பர் பென்சில் வாங்க (ஒன்றாம் நம்பர் என்ன தப்பு செய்தது, தெரியவில்லை).

மா. என்றால் மாலதி, மனைவி, சாஃப்ட்வேர். கா. என்றால் காவ்யா, மகள், வயது எட்டு. நான் மா.வின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். அரசாங்கம் வைத்த பெயர் டிபென்டென்ட். வேலை பார்க்கக் கூடாது. படிக்கலாம்.

போன சனிக்கிழமை பிளசன்டனில் விருந்து. மா.வின் ஆபீஸ் சந்திரசேகர் வீடு. வடைத் தட்டோடு வந்து கேட்டார்:

"சார், நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?"

"வீட்டுலதான்."

"ஓ! கன்சல்டன்ட்டா?"

மறுக்கவில்லை. பிறகு அவர் மனைவி, "ஜாவா படிங்கண்ணா, ஆறு மாசத்துல எல்லாருக்கும் வேலை கெடைக்குது" என்றார். இந்த ஊரில் தலைவலிக்கும் ஜாவாதான் மருந்து.

நான் படிக்க விரும்புவது நூலக உதவியாளர் கோர்ஸ். பஸ் போகும் தூரத்தில் கம்யூனிட்டி காலேஜ். வருடத்துக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில்தான் ஆரம்பம். அதில் சேர முதல் நிலை ஆங்கில வகுப்புக்குத் தகுதி வேண்டும். தகுதி உண்டா என்று பார்க்க, சேர்வதற்கு முன்பே ஒரு பரீட்சை: வாசிப்பு, கணக்கு, எழுத்து. தவறினால் இன்னும் ஒரு வருடம் கன்சல்டன்ட்.

மா.: "ப்ரிபேர் பண்ணீங்களா?"

நான்: "பதிமூணு வருஷம் வாரப் பத்திரிகையில கேள்வி-பதில் எழுதினவன்."

மா.: "கேள்வியையும் நீங்கதானே எழுதினீங்க."

10 ஜூன், புதன்.

பரீட்சை முடிந்தது. நன்றாகவே செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

கூடத்தில் இருபது பேர். பாதிப் பேர் தொப்பியை முன்பின்னாக மாற்றி அணிந்த பையன்கள். ஒருவன் சோளப் பொரி தின்றபடி எழுதினான். யாரும் வெளியேற்றவில்லை. ஹால் டிக்கெட் இல்லை. பறக்கும் படை இல்லை. பரீட்சைக்கு உண்டான மரியாதையே இல்லை.

வாசிப்பு, கணக்கு இரண்டுக்கும் வட்டம் நிரப்பும் தாள். முடித்ததும் கவுன்ட்டரில் இருந்த டோலரஸ் அம்மையார் அதை ஒரு மெஷினில் செருகினார். வெளியே துப்பியது. மறுபடி செருகினார். மறுபடி துப்பியது. கண்ணாடியை இறக்கிப் பார்த்து, மூலையில் இது என்ன என்று கேட்டார்.

பார்த்தேன். உ.

பிள்ளையார் சுழி. எப்போது போட்டேன் என்று சத்தியமாக நினைவில்லை. கடவுள் நம்பிக்கை எனக்கு இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கைக்கு இருக்கிறது போலும். "பழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ரப்பரை நீட்டினார். அழித்தேன். மெஷின் சமர்த்தாக விழுங்கியது. விக்கினம் தீர்த்தது ரப்பர்.

எழுத்துத் தேர்வுக்குத் தலைப்பு: பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டுமா? எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. முன்னுரை, சீருடையின் வரலாறு, நன்மைகள், தீமைகள், முடிவுரை. தலைப்புகளுக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு. கொடுத்த தாள் போதவில்லை. அடிஷனல் ஷீட் கேட்டேன். டோலரஸ் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதுபோல் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இன்னொன்று கேட்டேன். கடைசியில் கட்ட நூல் கேட்டேன். நூலா என்றார். கையால் கட்டிக் காட்டினேன். ஸ்டேப்ளர் வந்தது.

முடிவுரை: "ஆக, இரு தரப்பிலும் நியாயம் உண்டு." என் பதிமூன்று வருட கேள்வி-பதில் பகுதியின் நிரந்தர முடிவுரை. பத்திரிகை முதலாளி எல்லாக் கட்சியிடமும் விளம்பரத்துக்குப் போய் நிற்பவர். எந்தப் பதிலும் யாரையும் உறுத்தக் கூடாது. இட்லியா தோசையா என்று வாசகர் கேட்டாலும் இரண்டும் ஒரே மாவு என்றுதான் எழுதினேன்.

மாலை ரசம், உருளைக்கிழங்கு. கா. கேரட் டப்பாவைத் தினமும் காலியாகக் கொண்டுவருகிறாள், தேவைக்கு மேல் நல்ல பிள்ளை. விசாரிக்க வேண்டும்.

12 ஜூன், வெள்ளி.

வாசிப்பு: மேல் நிலை. கணக்கு: அதற்கும் மேல். எழுத்து: முதல் நிலைக்கு இரண்டு படி கீழே.

ஆலோசகர் நல்ல மனிதர். என் கட்டுரையை மேசையில் விரித்து வைத்தார். இலக்கணம் சரி, சொற்கள் பிரமாதம், கையெழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி என்றார் (கடைசி என் மொழிபெயர்ப்பு). பிறகு ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

நானும் தேடினேன். இல்லை.

சீருடை வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏன் என்று எழுதியிருந்தால் போதுமாம். ஒரே பக்கம் போதுமாம். மறுதேர்வு ஒரே ஒரு முறை உண்டு. அதிலும் இதே என்றால் நூலகம் அடுத்த வருடம்.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள், ஏதோ படத்தைப் பற்றி: "ஐ ஹேட்டட் இட்." "ஐ லவ்ட் இட்." இருவருக்கும் பதினாறு இருக்கும். என்ன துணிச்சல்.

வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே நறுக்கிவிட்டேன்.

14 ஜூன், ஞாயிறு.

மா.விடம் சொல்லிவிட்டேன். கருத்து இல்லாததால் தோல்வி என்று. காபி புரையேறச் சிரித்தாள்.

"உங்களுக்கா கருத்து இல்ல? போன வாரம் அந்த ஓட்டல் சாம்பாரைப் பத்தி ஃப்ரீவே முழுக்க சொல்லிட்டு வந்தீங்களே!"

"அது சாம்பார் இல்ல, மாலு. பருப்புப் பாயசம்."

"பாத்தீங்களா! அதை எழுதுங்க."

கா. டிவியிலிருந்து திரும்பாமல்: "அப்பா, யூ ஜஸ்ட் பிக் ஒன்." இரண்டாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்து விடுகிறார்களாம். சாதகம் பாதகம் இரண்டையும் பார்க்க வேண்டாமா என்றேன். "தட்ஸ் போரிங்."

இரவு தட்டு கழுவும்போது மா. பக்கத்தில் வந்து துடைத்தாள். "உங்களைக் கொண்டுவந்து இப்படி ஒக்கார வச்சுட்டேனோன்னு இருக்கு." அதெல்லாம் இல்லை என்றேன். வழக்கமான பதில். முதலாளி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

19 ஜூன், வெள்ளி.

கருத்துப் பயிற்சி. மா. உத்தரவு, தினம் ஐந்து. இன்றையது:

இங்கே தயிர் என்று விற்பது தயிர் அல்ல.
வாழைப்பழத்தில் ஸ்டிக்கர் அநாவசியம்.
"ஹவ் ஆர் யூ" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போவது அநாகரிகம்.
சந்திரசேகர் வீட்டு வடையில் ஓட்டை இருந்தது, வடை இல்லை.
பகல் மூன்று மணி வரை இந்த வீடு மிகவும் நிசப்தம்.

ஐந்தாவது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அடிக்கவில்லை.

24 ஜூன், புதன்.

மறுதேர்வு. மூலையில் எதுவும் போடவில்லை. கை தவித்தது.

தலைப்பு: பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவது நல்லதா, ஒருவர் வீட்டில் இருப்பது நல்லதா?

"முன்னுரை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அடித்தேன். ஜன்னலைப் பார்த்தேன். அப்புறம் எழுதியது, ஏறக்குறைய: ஒருவர் வீட்டில் இருப்பது நல்லது. என் மகள் டப்பாவில் வைக்கும் கேரட்டைத் தின்பதில்லை, பள்ளி வாசல் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். இது எனக்குத் தெரிவது நான் மூன்று மணிக்கு அங்கே நிற்பதால். என் மனைவிக்குத் தெரியாது. ஆகவே ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒருவர் எப்போதும் நானாகவே இருக்க வேண்டியதில்லை.

எழுதி முடித்தபோது காது சூடாக இருந்தது. ஒரே தாள். டோலரஸ் ஸ்டேப்ளரைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை என்றதும் முகத்தில் ஏமாற்றம்.

மா.: "என்ன டாபிக்?"

"குடும்பம்."

"எந்தப் பக்கம் எழுதினீங்க?"

தோசை தீய்கிறது என்று சொல்லி நழுவினேன். தீயவில்லை.

26 ஜூன், வெள்ளி.

மேகம், பிறகு வெயில். பிரமாதமான வானிலை. (கருத்து.)

முதல் நிலை கிடைத்துவிட்டது. நூலக கோர்ஸுக்குப் பதிவு செய்தாயிற்று. செவ்வாய், வியாழன், மாலை ஆறிலிருந்து ஒன்பது. ஆலோசகர் கை குலுக்கி, இந்த முறை உங்களைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றார்.

ராத்திரி சாப்பாட்டின்போது மா.விடம் முழுவதையும் சொன்னேன், கடைசி வாக்கியம் உட்பட. கா. கேரட் விஷயத்தில் என்னைத் துரோகி என்றாள், ஆங்கிலத்தில். மா. கொஞ்ச நேரம் சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தாள்.

"இதை இங்க்லீஷ்ல டோலரஸ்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி தமிழ்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"டோலரஸ் மார்க் போடுவாங்க."

சிரித்துவிட்டாள். நெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். திங்கட்கிழமை ஆபீஸில் சந்திரசேகரிடம் தானே சொல்வதாகச் சொன்னாள், இவர் கன்சல்டன்ட் இல்லை, ஸ்டூடன்ட் என்று. பிறகு, கை கழுவப் போனவள் பாதியில் திரும்பி:

"ஆமா, அப்ப செவ்வாய், வியாழன் சமையல் யாரு?"

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றேன்.